கொட்டகைக்குப் பின்னால் வைத்த தொட்டி

அவளை எல்லோரும் இணைப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். உழவர் கூட்டமைப்பில் அவள் இணைப்பாளர். அந்தப் பதவியின் பெயர் யார் வாயிலும் முழுதாக நுழையாமல் பாதியிலேயே அக்காவாகிவிட்டது. அலுவலகம் கடைத்தெருவில், அவள் கணவரின் பம்பு பழுதுபார்க்கும் பட்டறைக்கு மேலே ஒற்றை அறை. ஏறுவதற்கு இரும்புப் படி. உள்ளே ஒரு மேசை, அலமாரி நிறைய விதைச் சீசாக்கள், மூலையில் அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள். கீழே மோட்டாரை ஓட்டிப் பார்த்தால் மேசைமேல் இருக்கும் தண்ணீர்க் குவளை நடுங்கும். அவள் தொலைபேசியில் பேச்சை நிறுத்தாமல் குவளையை மட்டும் ஒரு கையால் பிடித்துக்கொள்வாள்.

ஓர் ஊரில் உளுந்து விதை மிஞ்சிக் கிடக்கும். அடுத்த ஊரில் மழை பெய்த நிலம் விதைக்குக் காத்துக் கிடக்கும். ஒருவரிடம் கதிரடிக்கும் இயந்திரம் சும்மா நிற்கும். இன்னொருவர் கதிரை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இவர்களை அவர்களோடு பேசவைப்பதுதான் அவள் வேலை.

"கல்யாணத் தரகர் வேலைதான் இது. தரகருக்காவது வயிறு நிறைய சாப்பாடு போடுவாங்க" என்பார் அவள் கணவர்.

படித்து வந்த வேலை இல்லை. காதில் விழுந்து வந்த வேலை. முன்பு பால் சேகரிப்பு நிலையத்தில் பாலின் தரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசையில் முன்னால் நிற்பவள் மாட்டுக்கு மடி வீங்கியதென்று அழுவாள். அதே வரிசையில் பின்னால் வேற்றூர்க்காரி ஒருத்தி, போன மாதம் அதே வீக்கத்தைக் குணப்படுத்தியவள், வாயைத் திறக்காமல் நிற்பாள். "நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் பேசிக்கங்களேன்" என்று இவள் சொல்லத் தொடங்கியதுதான். பின்னால் கூட்டமைப்பு அமைந்தபோது, இதற்கு ஆள் வேண்டுமென்றால் அந்தப் பால்கார அம்மாதான் என்று எல்லோரும் கை காட்டினார்கள்.

அவள் சேர்த்துவைத்ததிலேயே பெரியது ஆற்றுப்பக்கத்தையும் மேட்டுப்பக்கத்தையும். இரண்டுக்கும் நடுவே ஒரு வாய்க்கால் ஓடியது, அதைவிட ஆழமாக ஒரு பகையும் ஓடியது. ஆற்றுப்பக்கத்தாருக்கு வாழை, வருடம் முழுக்கத் தண்ணீர். மேட்டுப்பக்கத்தாருக்கு மரவள்ளி, கொஞ்சம் வாழை, வெயில் காலத்தில் காய்ந்துபோகும் ஒரு குளம். வாய்க்காலில் மிஞ்சும் தண்ணீரைக் குளத்துக்குத் திருப்ப ஆற்றுப்பக்கம் சம்மதிக்கவில்லை. கேட்கப் போனவர்களை வரப்பிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினார்கள்.

ஆற்றுப்பக்கத்தின் பெரிய வாழைத் தோட்டக்காரருக்கே கம்பிவேலி என்று பட்டப்பெயர். நிலத்தைச் சுற்றி மட்டும் அல்ல, கிணற்றைச் சுற்றி, கொட்டகையைச் சுற்றி, வைக்கோல் போரைச் சுற்றியும் கம்பி கட்டியிருந்தார். அவர் மனைவியைக் கேலி செய்பவர்கள், "ராத்திரி கட்டிலைச் சுத்தியும் கட்டறாரா?" என்று கேட்பார்கள். அவர் ஒத்துக்கொண்டால் ஆற்றுப்பக்கமே ஒத்துக்கொண்ட மாதிரி. அதனால் இணைப்பக்கா முதலில் தண்ணீர்ப் பேச்சையே எடுக்கவில்லை. மேட்டுப்பக்கப் பெண்கள் குழு உங்கள் தோட்டத்தைப் பார்க்க ஆசைப்படுகிறது என்று மட்டும் சொன்னாள்.

"வேலி எதுக்குப் போட்டிருக்கேன்? வெளிய இருக்கறவங்க வெளியவே இருக்கத்தான்."

"அண்ணே, வேலிக்கு வெளிய நின்னு உங்க வாழைத்தாரைப் பாத்துப் பாத்தே அவங்களுக்குக் கழுத்து நீண்டுபோச்சு. ஒரே ஒரு நாள் உள்ள விடுங்க. கழுத்தாவது சுருங்கட்டும்."

அவர் சிரித்துவிட்டார். சிரித்தபின் மறுக்கத் தெரியாதவர்.

அந்தப் பயணத்தில் ஒரு சிக்கல் இருந்தது. எந்தத் தோட்டத்துக்குள் போனாலும் வாசலில் ஒரு நீலத் தொட்டி இருக்க வேண்டும், அதில் மருந்துத் தண்ணீர் இருக்க வேண்டும், வருகிறவர்கள் செருப்பிலுள்ள மண்ணைத் தூரிகையால் தேய்த்துவிட்டு அதில் காலை நனைத்துத்தான் உள்ளே வர வேண்டும் என்பது கூட்டமைப்பின் விதி. வாழைக்கு வரும் வாடல் நோய் மண்ணோடு மண்ணாகப் போகும். ஒரு தோட்டத்தில் புகுந்தால் பிறகு அந்த மண்ணில் ஒரு தலைமுறைக்கு வாழை நிற்காது. விதியைக் கொண்டுவந்தவளே இணைப்பக்காதான். "நோய்க்குக் கால் கிடையாது. நம்ம காலைத்தான் இரவல் வாங்கும்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லுவாள்.

ஆனால் இதற்கு முந்தைய வருடம் மேட்டுப்பக்கப் பெண்கள் வேறோர் ஆற்றுப்பக்கத் தோட்டத்துக்குப் போனபோது, அந்த வீட்டுக்காரர் தொட்டியைக் காட்டி, மூக்கைச் சுளித்துக்கொண்டு, "காலை நல்லாத் தேய்ச்சிட்டு வாங்க" என்றார். மேட்டுப்பக்கப் பெண்கள் குழுவின் தலைவி அங்கேயே நின்றாள். "எங்க கால் அழுக்குன்னா எங்க கண்ணும் அழுக்காத்தான் இருக்கும். நாங்க பாக்கலை" என்று சொல்லி எல்லோரையும் திருப்பி வேனில் ஏற்றிவிட்டாள். அந்தக் காயம் ஆறியிருக்கவில்லை.

பயணத்தன்று காலையில் இணைப்பக்காதான் வேனோடு மேட்டுக்குப் போய் அவர்களை அழைத்து வந்தாள். முந்தைய நாள் மழை. எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தபோது தலைவி அவளைத் தன் தோட்டத்தின் தாழ்ந்த மூலைக்கு இழுத்துப் போனாள். சில வாழைகளின் கீழிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சள் ஏறியிருந்தன. இணைப்பக்கா குனிந்து பார்த்தாள். நேரமாகிறதென்று வண்டிக்காரர் ஒலிப்பான் அடித்துக்கொண்டிருந்தார். "சாம்பல்சத்து குறைஞ்சிருக்கும். வந்து பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

கம்பிவேலியின் தோட்டத்துக்குச் சற்று முன்னால் வாய்க்கால் பாலத்தில் வேனை நிறுத்தச் சொல்லி, தான் மட்டும் இறங்கி முன்னால் நடந்தாள். வாசலில் கம்பிவேலியின் மனைவி நின்றாள். நடுவழியில், சரியாகப் படலுக்கு முன்னால், நீலத் தொட்டி.

"அண்ணி, இதை அந்தப் பக்கம் நகர்த்திடலாமா?"

"ஏன், நீதானே வைக்கணும்னு சொன்னே?"

"பழைய கதை தெரியுமில்ல? திரும்பிப் போயிட்டாங்கன்னா இனிமே ஜென்மத்துக்கும் வரமாட்டாங்க. ஒரு நாள்தானே."

"அவர் கேட்டா?"

"நான் சொல்லிக்கறேன்."

தண்ணீர் நிறைந்த தொட்டியை ஒருத்தியால் தூக்க முடியாது. ஆளுக்கு ஒரு கைப்பிடியாகப் பிடித்துக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்கள். ததும்பிய மருந்துத் தண்ணீர் இருவர் புடவை ஓரத்தையும் நனைத்தது. கம்பிவேலி கேட்கவில்லை. அன்று அவருக்குக் கண்மண் தெரியவில்லை. தன் வாழையை யாரோ பார்க்க வந்திருக்கிறார்கள் என்பதே அவருக்குப் போதையாக இருந்தது. இணைப்பக்கா முன்னால் நடக்க, பெண்கள் வரப்பில் வரிசையாக வர, அவர் ஒவ்வொரு மரமாக நின்று, பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு வந்தார். கிளம்பும்போது தலைவி, "அண்ணே, உங்க தோட்டத்துல ஒரே ஒரு குறை. எங்க ஊர்ல இல்லை" என்றாள். அந்த வெயில் காலத்தில் வாய்க்காலின் மிச்சத் தண்ணீர் மேட்டுக் குளத்துக்குத் திரும்பியது. மடையைத் திறந்தவர் கம்பிவேலியேதான்.

அதன் பிறகு ஒரு மழைக்காலம் போயிற்று. மறுபடி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு திங்கட்கிழமை கம்பிவேலி தொலைபேசியில் அழைத்தார். "கொஞ்சம் வந்துட்டுப் போம்மா" என்றார். அவர் குரலில் அதட்டல் இல்லாததே அவளுக்குப் பயமாக இருந்தது.

தொட்டி வாசலில் இருந்தது. அவள் பூட்ஸைத் தேய்த்து, நனைத்து, உள்ளே போனாள். அவர் வரப்பில் நடந்து ஒரு மரத்தின் முன் நின்றார். இலைகள் பழுத்து, காம்பொடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடைபோலத் தொங்கிக்கொண்டிருந்தன. அரிவாளால் தண்டைக் குறுக்கே வெட்டினார். வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டிய இடத்தில் செம்பழுப்பாக வளையம் வளையமாகப் புள்ளிகள்.

"பாத்தியா?"

அவள் வெட்டுவாயைப் பார்க்கவில்லை. மரம் நின்ற இடத்தைப் பார்த்தாள். அதற்கடுத்தும் மஞ்சள், அதற்கடுத்தும் மஞ்சள். வரப்பு போன வழியே மஞ்சளும் போயிற்று. அன்று அவர் நின்று நின்று காட்டிக்கொண்டு வந்த வழி.

"தண்ணி குறைச்சேனா, உரம் குறைச்சேனா? என் தோட்டத்துக்கு இது எங்கேயிருந்து வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு அவரே பதில் சொன்னார். "போன மழைக்குச் சாஞ்ச எடத்துல எல்லாம் கன்னு வாங்கி நட்டேன் பாரு. அவன்தான். கன்னுக்காரன். நோய்க் கன்னைத் தலைல கட்டிட்டான்."

"அண்ணே, அந்தக் கன்னு இன்னும் பச்சையாத்தானே நிக்குது? பழைய மரந்தானே முதல்ல..."

"கூட்டிட்டு வந்தவன் கடைசியாத்தான் சாவான். வெள்ளிக்கிழமை கூட்டத்துல அவனை வெளிய தள்ளணும். இனிமே எந்த ஊர்லயும் அவன் வண்டி நிக்கக் கூடாது. நீயே எழுந்து சொல்லணும், உன் பேச்சுதான் எடுபடும்."

கொட்டகை ஓரத்தில் அவர் மனைவி குடத்தோடு நின்றிருந்தாள். இரு பெண்களும் ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இணைப்பக்கா, "கூட்டத்துல பேசிக்கலாம் அண்ணே" என்றாள். அவளுக்கே தன் குரல் வேறு யாருடையதோபோல இருந்தது.

கன்றுக்காரர் மறுநாளே வந்தார். இளம்வயதுக்காரர், மூன்று சக்கர வண்டியில் ஊர் ஊராக வாழைக்கன்று விற்பவர். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த சுத்தமான கன்று வாங்கித் தர நம்பிக்கையான ஆள் வேண்டுமென்று அவரைத் தேடிப்பிடித்ததும், அந்தக் கூடத்துக்கே போய்ப் பார்த்து வந்ததும், ஊர்தோறும் அறிமுகப்படுத்தியதும் அவள்தான். இரும்புப் படியில் ஏறி வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை.

"அக்கா, அதே கன்னைத்தான் ஆத்துப்பக்கம் முழுக்கக் குடுத்திருக்கேன். வேற யார் தோட்டத்துலயாவது ஒரு இலை வாடியிருக்கா? கேட்டா, 'நீ பேசாதே'ங்கறாங்க. முன்பணம் குடுத்தவங்க வேண்டாம்னுட்டாங்க. நேத்து ஒரு ஊர்ல வண்டியை நிறுத்தவே விடலை."

"தெரியும்பா."

"தெரியுமா? அப்ப ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா நிக்கும்."

"வெள்ளிக்கிழமை கூட்டத்துல பேசிக்கலாம்."

அவர் சன்னல் வழியாகக் கீழே பார்த்தார். வண்டியில் தட்டுத்தட்டாகக் கன்றுகள் வெயிலில் நின்றன. மேலே ஈரச் சாக்கு போட்டிருந்தார். "அதுவரைக்கும் இதுங்க தாங்காதே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கீழே மோட்டார் ஓடத் தொடங்கியது. அவள் குவளையைப் பிடிக்கவில்லை. அது நகர்ந்து நகர்ந்து மேசை விளிம்பில் வந்து விழுந்தது.

அன்று சாயங்காலம் பட்டறைக்குப் பின்னாலிருந்த வீட்டின் குழாயடியில் உட்கார்ந்து பூட்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கணவர் கைகளில் கிரீஸோடு வந்து நின்றார்.

"அடிப்பாகம் தேஞ்சு கால் வெளிய வரப்போகுது. அப்படி என்ன அதுல?"

அவள் சொன்னாள். தொட்டி, புடவை ஓரம் நனைந்தது, வரப்பு, மஞ்சள், கன்றுக்காரர், எல்லாவற்றையும். பம்பு ஏன் நின்றது என்று கேட்பவர்போல அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"அண்ணிக்குத் தெரியும்."

"வேற?"

"யாருக்கும் தெரியாது."

அவர் பழந்துணியில் கையைத் துடைத்தார். "இப்ப நீ போய்த் தொட்டியை நகர்த்தினேன்னு சொன்னா, அடுத்த பேச்சு என்னவா இருக்கும்? மேட்டுக்காரங்க கொண்டுவந்த நோய்னு வரும். மறுநாள் மடையை அடைப்பாங்க. நீ கட்டினதை நீயே இடிக்கப் போறியா?"

இரண்டு நாளாக அவளும் தனக்குள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்தவரை அது பெரிய நியாயமாகத் தெரிந்தது. வெளியே இன்னொருவர் வாயிலிருந்து வந்தபோது, கையில் கிடைத்த சாக்கைப் போர்த்திக்கொண்டதுபோல இருந்தது.

"அப்ப கன்னுக்காரர்?"

"பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு எப்பவும் நடக்கறதுதான். வேணும்னா நம்ம பட்டறையிலயே வேலைக்குச் சேத்துக்கலாம்."

"அவர் கன்னு விக்கறவருங்க. உங்களை நாளைக்குக் கன்னு விக்கப் போகச் சொன்னா போவீங்களா?"

 அவர் அவள் கையிலிருந்த பூட்ஸை வாங்கித் திருப்பிப் பார்த்து, சுவரோரம் வைத்தார்.

வியாழக்கிழமை அவள் மேட்டுக்குப் போனாள். நோய் அங்கே இருக்கிறதா என்று தெரிய வேண்டும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். உண்மையில், இல்லாதிருந்தால் நல்லது என்று போனாள். அப்படியானால் தொட்டி எங்கே இருந்தால் என்ன?

தாழ்ந்த மூலையில் வாழையே இல்லை. எரித்த கருப்பு வட்டம், அதன்மேல் சுண்ணாம்பு வெள்ளை, சுற்றிலும் முள் அடைப்பு. தலைவி பக்கத்தில் வந்து நின்றாள். எப்போதும் ஏதாவது கிண்டலோடு வருபவள் அன்று தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"வாடல்தான் அக்கா. நீங்க சொன்ன மாதிரி சாம்பல்சத்தும் போட்டுப் பாத்தோம். கேக்கலை. பிடுங்கி எரிச்சிட்டோம். யாருக்கும் சொல்லலை. சொன்னா யார் எங்க ஊருக்குள்ள வருவா, எங்களை யார் உள்ள விடுவா? இப்பத்தான் ரெண்டு படல் திறந்திருக்கு."

இணைப்பக்கா ஆற்றுப்பக்கத்துச் செய்தியைச் சொன்னாள்.  தலைவி உடனே மறுப்பாகத் தலையை அசைத்தாள்.

"நாங்க கொண்டு போகலை. சத்தியமா இல்லை. அன்னிக்கு நாங்க எப்படி வந்தோம் தெரியுமில்ல? இன்னொரு தடவை எவனும் எங்க காலைப் பாத்து மூக்கைச் சுளிக்கக் கூடாதுன்னு, விசேஷத்துக்குன்னு எடுத்துவச்ச செருப்பைத்தான் எல்லாரும் எடுத்தோம். சேத்துல படாம கையில தூக்கிட்டு வந்து, ரோட்டுல காலைக் கழுவித் துடைச்சு, வேன்ல ஏறின பிறகு மாட்டினோம். பாதிப் பேருக்குச் செருப்பு கடிச்சு ரெண்டு நாள் நொண்டினாங்க." அதை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. "நீங்க ஒருத்தர்தான் சேத்துப் பூட்ஸோட ஏறினீங்க. 'வண்டியைக் கழுவி எடுத்துட்டு வந்தேன், இந்த மேடத்துக்கிட்ட யார் சொல்றது'ன்னு வண்டிக்காரர் முணுமுணுத்தாரே, உங்க காதுல விழலையா?"

சிரித்தபடியே திரும்பியவள் இணைப்பக்காவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

அன்று காலை இணைப்பக்கா இந்த மூலையில்தான் நின்றாள். மஞ்சள் இலைக்குக் கீழே, ஈரச் சேற்றில், குனிந்து. இங்கிருந்து வேன். வேனிலிருந்து பாலம். பாலத்திலிருந்து முதல் ஆளாகத் தோட்டத்துக்குள். வரப்பில் எல்லோருக்கும் முன்னால் நடந்தவள் அவள். தொட்டியை அவர்களுக்காக நகர்த்தியதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அவர்கள் காலில் ஒன்றுமே இல்லை. அந்தத் தொட்டியில் நனைய வேண்டியிருந்த கால் அவளுடையது ஒன்றுதான்.

"நாளைக்குக் கூட்டத்துல இந்த மூலையைப் பத்தியும் சொல்ல வேண்டி வரும்" என்றாள்.

தலைவி நெடுநேரம் முள் அடைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "சொல்லுங்க" என்றாள் கடைசியில். "நீங்க சொல்லாட்டி அப்புறம் நான் சொல்லணும். எனக்கு உங்க அளவுக்குப் பேச வராது."

கூட்டம் விதைக் கிடங்கில் நடந்தது. மூட்டைகளை ஒதுக்கி நாற்காலி போட்டிருந்தார்கள். கம்பிவேலி முன்வரிசையில்; பின்னால் பெண்களோடு அவர் மனைவி. மேட்டுத் தலைவி தூணோரம் நின்றாள். கன்றுக்காரர் வாசலுக்குப் பக்கத்தில், தள்ளிவிட்டால் உடனே போய்விட வசதியாக நிற்பவர்போல நின்றார். கம்பிவேலி எழுந்து தன் தோட்டத்தைச் சொன்னார். சொல்லிவிட்டு, "மிச்சத்தை இணைப்பக்கா சொல்லுவாங்க" என்று உட்கார்ந்தார்.

அவள் எழுந்தாள். வழியெல்லாம் சேர்த்துவைத்த வாக்கியம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"மேட்டுப்பக்கத்துல இருந்து வந்த அன்னிக்கு அண்ணன் தோட்டத்து வாசல்ல தொட்டி இல்லை. நான்தான் கொட்டகைக்குப் பின்னால கொண்டுபோய் வச்சேன்."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு நடுவிலிருந்து ஒரு குரல்: "அப்ப மேட்டுக்காரங்கதான்! அப்பவே சொன்னேன், மடையைத் திறந்தா..."

"இல்லை. அவங்க கால் சுத்தமா இருந்துச்சு. அவங்க தோட்டத்து மூலையில நோய் இருந்துச்சு, அன்னிக்குக் காலையில அதுக்குள்ள போய் நின்னது நான் ஒருத்திதான். எனக்கு அடையாளம் தெரியலை. சாம்பல்சத்துன்னு சொல்லிட்டு அந்தச் சேத்தோட வேன்ல ஏறினேன். அண்ணன் வரப்புல முதல்ல நடந்ததும் நான்தான். கன்னுக்காரருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. இது எனக்குத் திங்கட்கிழமையே பாதி தெரியும்."

"இணைப்பக்கா ஊரை மட்டுமா இணைச்சாங்க, நோயையும் சேத்து இணைச்சிட்டாங்க" என்றார் ஒருவர். இரண்டு பேர் சிரித்தார்கள். பக்கத்தில் யாரும் சேராததால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

அப்போது பின்னாலிருந்து கம்பிவேலியின் மனைவி எழுந்தாள். கூட்டத்தில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

"அந்தத் தொட்டியை ஒரு ஆளாத் தூக்க முடியாது. இன்னொரு பக்கம் நான் பிடிச்சேன்."

கம்பிவேலி திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். பிறகு இணைப்பக்காவைப் பார்த்தார். திட்டுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். திட்டியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீ சொன்னேன்னுதானே வேலியைத் திறந்தேன்" என்றார். அவ்வளவுதான். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மனைவி கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் போனாள்.

கன்றுக்காரரை யாரும் தள்ளவில்லை. ஒருவர் போய் அவர் தோளில் தட்டவும் செய்தார். கூட்டம் கலைந்தபின் இணைப்பக்கா வாசலில் அவரிடம் போனாள். என்ன சொல்வதென்று தெரியாமல், "கன்னெல்லாம் என்னாச்சு?" என்று கேட்டாள்.

"பாதி போச்சு." அவர் வண்டியை மிதித்துக் கிளப்பினார். "சொன்னீங்கக்கா, இல்லைங்கலை. ஆனா வெள்ளிக்கிழமை வரைக்கும் வச்சிருந்து சொன்னீங்க."

அவள் அலுவலகச் சாவியைக் கூட்டமைப்புத் தலைவரிடம் நீட்டினாள். அவர் அதை வாங்காமல், "அடுத்த வாரம் விதை வருது. யார் போய்ப் பிரிச்சுக் குடுக்கறது? தண்டனை வேணும்னா இந்த வேலையையே செய்" என்றார். கேலிதான், ஆனாலும் அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். மேட்டுக்குப் போகும் தண்ணீரை அடைக்க வேண்டுமென்று சிலர் பேசினார்கள். கம்பிவேலி மடைப் பக்கமே போகவில்லை. அவர் போகாததால் வேறு யாரும் போகவில்லை.

அதன்பின் எந்தத் தோட்ட வாசலிலும் அவள்தான் முதலில் தொட்டியில் இறங்குகிறாள். முகம் சுளிக்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். "எங்க கால் என்ன அழுக்கா?" என்று கேட்டால், "என் கால் அழுக்குங்க. உங்க காலைப் பத்தி எனக்கென்ன தெரியும்? எனக்குத் துணைக்கு நீங்களும் நனைச்சுக்கங்க" என்கிறாள். இவ்வளவு சுலபமான பதில் அன்று பாலத்திலிருந்து வாசல் வரை நடந்த நேரத்தில் ஏன் தோன்றவில்லை என்று, ஒவ்வொரு முறையும், தூரிகையைக் கையில் எடுக்கும்போது நினைத்துக்கொள்வாள்.

கம்பிவேலியின் தோட்டத்துக்கு அவள் போவதும் நிற்கவில்லை. உள்ளே போவதுதான் இல்லை. அந்தப் பக்கம் வேலை இருக்கும் நாட்களில் படலுக்கு வெளியே சாலையில் கொஞ்ச நேரம் நிற்பாள். உள்ளே வரப்போரம் மரங்களைப் பிடுங்கி எரித்த இடம் கருத்துக் கிடந்தது. அதைச் சுற்றி, தோட்டத்துக்குள்ளேயே, புதிதாகக் கம்பி கட்டியிருந்தார். அவர் அவளைப் பார்ப்பார். பார்க்காததுபோல மண்ணை வெட்டிக்கொண்டிருப்பார். அண்ணி ஒரு தடவை கை உயர்த்தினாள். இன்னொரு தடவை அதுவும் இல்லை.

மழை தொடங்குவதற்கு முன் ஒருநாள் அவள் வழக்கம்போல நின்றுவிட்டுத் திரும்பப் போனபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏம்மா."

அவள் படலருகே ஓடினாள்.

"உள்ள வராதே. அங்கேயிருந்தே சொல்லு. இந்த எடத்துல இனிமே வாழை ஆகாது. மரவள்ளி போட்டுப் பாக்கலாம்னு இருக்கேன். நடறதுக்கு நல்ல குச்சி யாருகிட்ட இருக்கு?"

யாரிடம் இருக்கிறதென்று கேட்டதுமே அவளுக்குத் தெரிந்தது. அதனாலேயே படலைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"மேட்டுல இருக்கு அண்ணே. தலைவிகிட்ட."

அவர் மண்வெட்டியின் விளிம்பைக் காலால் துடைத்தார். வேலிக்கு அப்பால் வாய்க்கால் ஓடும் சத்தம் கேட்டது.

"வெளிய கொண்டுவந்து வைக்கச் சொல்லு" என்றார்.

மறுநாள் தலைவி சாலையோரம் குச்சிக் கட்டு ஒன்றை இறக்கிவிட்டு, வேனைவிட்டு இறங்காமலே போய்விட்டாள். தரையில் படாமல் மேல்தண்டிலிருந்து வெட்டிய குச்சிகள். கம்பிவேலி வேலிக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இணைப்பக்கா கட்டை அவிழ்த்தாள். ஒவ்வொரு குச்சியாக எடுத்து, கழுவி, உதறி, அவர் கண்ணுக்கு நேராகத் திருப்பித் திருப்பிக் காட்டி, மண் இல்லை என்று அவர் தலையசைத்த பிறகே கம்பிக்கு மேலாக உள்ளே கொடுத்தாள். கட்டு தீர வெகுநேரம் ஆயிற்று.